பொதுச் செவி

முன்னாளில் தமிழகத்துச் சிற்றூர்களில் ஊராட்சி வானொலி என்று ஒன்று இருந்தது. ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு சிறு கட்டடம். உள்ளே பூட்டிய பேழையில் வானொலிப் பெட்டி. வெளியே கம்பத்தின் உச்சியில் ஊமத்தம்பூ விரிந்தாற்போல் ஒலிபெருக்கிக் குழாய். மாலைதோறும் அதனை இயக்க ஊராட்சியின் ஆள் திறவுகோலுடன் வருவார். சுற்றிலும் மணலில் ஆடவர் அமர்ந்து கேட்பர். மகளிர் அங்கு வந்து அமரும் வழக்கம் பெரும்பாலான ஊர்களில் இல்லை. ஆயினும் கம்பத்துக் குழாயின் ஓசை தெருவைக் கடந்து கொல்லைப்புறம் வரை சென்றது. உழவர்க்குச் சொல்லப்பட்ட உர அளவை உலை வைத்துக்கொண்டிருந்தவளும் கேட்டாள். பேறுகாலம் குறித்து மருத்துவர் உரைத்ததை மணலில் இருந்தவனும் கேட்டான். கேளாதவன்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டானேனும் கேட்டான்.

வானொலி தன் பொழுதைப் பகுத்து, மகளிர்க்கு இவ்வேளை, சிறார்க்கு இவ்வேளை, இறைவனைத் தொழுவார்க்கு இவ்வேளை என ஒதுக்கியது. வேளை ஒருவர்க்கு ஒதுக்கப்பட்டது; செவியோ அனைவர்க்கும் பொதுவாக இருந்தது. தமக்கென்று சொல்லப்படாததையும் மாந்தர் கேட்க நேர்ந்த அந்த ஏற்பாட்டை நாம் பெரும்பேறாகக் கருதுகிறோம். அது இன்று நம் கண்முன்னே தேய்ந்து வருகிறது. அதனைக் காக்கக் கடமைப்பட்டவர்களே அதனைப் பழம்பொருளாக எண்ணத் தலைப்பட்டிருப்பது நம்மை வருத்துகிறது.

சென்னையில் ஒலிபரப்பு, அரசு தொடங்கியதன்று. கிருட்டிணசாமிச் செட்டியார் முதலிய ஆர்வலர் 1924இல் நிறுவிய மாகாண வானொலிச் சங்கமே அதன் தாய். மூன்றாண்டில் பொருள் முட்டுப்பாட்டால் அது ஓய்ந்தது. 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. 1938 சூன் 16 அன்று அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையமும், மறு ஆண்டு மே 16 அன்று திருச்சிராப்பள்ளி நிலையமும் ஒலிக்கத் தொடங்கின. அக்காலத்தின் நிலையை ஓர் எண்ணால் உணரலாம். 1951ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 8.86 பேர். எஞ்சிய தொண்ணூற்றொருவர்க்கு நாளிதழ் இல்லை, நூல் இல்லை, சுவரொட்டியும் இல்லை. வீட்டாரல்லாத ஒரு குரல் அவர்களை நோக்கிப் பேசிற்று என்றால் அது வானொலிக் குரலே.

அந்தக் குரல் அவர்களிடம் என்ன பேசிற்று என்ற கேள்வியையும் நாம் மறைக்கலாகாது. சமையற் குறிப்பு, தையல், ஊறுகாய், கைக்குழந்தை வளர்ப்பு ஆகியவற்றுக்கே நெடுங்காலம் பெரும்பங்கு சென்றது. பெண்ணின் உலகம் அடுப்பங்கரையிலிருந்து தொட்டில் வரை என்று நிகழ்ச்சியை வகுத்தவர்கள் முடிவு செய்திருந்தனர். நாற்று நட்டவளும், பீடி சுற்றியவளும், தேயிலை பறித்தவளும் அந்த வேளையில் தங்களைக் காணவில்லை. நண்பகல் வேளை ஒதுக்கப்பட்டதும், அந்நேரத்தில் வீட்டில் ஓய்ந்திருக்கக் கூடியவளை மட்டுமே கருதித்தான். வயலில் குனிந்திருந்தவள் எவ்வாறு கேட்பாள்? இக்குறையை எவரும் பெரிதாகச் சுட்டாததற்குக் காரணம், சுட்டியிருக்க வேண்டியவர்கள் அந்நேரம் வயலில் இருந்ததே.

ஆயினும் அந்நிகழ்ச்சி செய்த நன்மையும் சிறிதன்று. இதனை எழுதுவோர் இளமையில் கண்ட ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். எம் சிற்றன்னை தலைப்பேற்றுக்காகத் தாய்வீடு வந்திருந்தார். முதற்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுக் குழவிக்குச் சர்க்கரை நீரால் சேனை தொட்டு வைப்பதே எங்கள் வீட்டு வழக்கம். அது எம் பாட்டியாரின் ஆட்சி; மாற்றுச் சொல்ல யாருக்கும் துணிவில்லை. ஒருநாள் பகலில் அவர் முற்றத்தில் முறத்துடன் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மாடத்து வானொலியில் பெண் மருத்துவர் ஒருவர் சீம்பாலைப் பற்றிப் பேசினார். கொட்டலாகாது, பிறந்த உடனே புகட்ட வேண்டும், நோயினின்று குழவியைக் காக்கும் முதற்காப்பு அதுவே என்றார். பாட்டியார் கையிலிருந்த முறம் நின்றது. பேச்சு முடிந்ததும் ஒரு சொல்லும் சொல்லாமல் மீண்டும் புடைக்கத் தொடங்கினார். நான்கு திங்கள் கழித்துக் குழந்தை பிறந்த இரவில், சேனைக்கென்று எடுத்து வைத்த சர்க்கரைக் கிண்ணத்தை அவரே எடுத்து உள்ளே வைத்துவிட்டார். மருத்துவர் பேசியது இளந்தாயை நோக்கி. கேட்க வேண்டியவரோ பாட்டியார். இளந்தாயின் கையில் மட்டும் ஒரு கருவியும் அவள் செவியில் மட்டும் ஓர் ஒலிவாங்கியும் இருந்திருக்குமாயின் அவ்வீட்டில் ஒன்றும் மாறியிராது.

வானொலிச் சொல்லுக்கு அன்றிருந்த மதிப்பு அத்தகையது. 1960களில் தஞ்சைத் தரணியில் பரவிய ஏ.டி.டி. 27 என்னும் நெல் வகையைத் திருச்சி நிலையத்தின் வாய்மொழியால் அறிந்த உழவர்கள், அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தனர்.

கடல் கடந்து வந்த கொழும்புக் குரலும் தென்தமிழகக் கரையோர வீடுகளில் உறவாகவே கொள்ளப்பட்டது. இலங்கை ஒலிபரப்பில் இராசேசுவரி சண்முகம் அவர்கள் நடத்திய ‘பூவும் பொட்டும்’ மங்கையர் நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றும் அக்குரலை நினைந்து நெகிழ்வதைக் காண்கிறோம். அங்கே முசுலிம் சேவையில் ‘மாதர் மஜ்லிசு’ என ஒரு வேளை இருந்தது. சமயத்தையும் மகளிரையும் ஒரே வேளையில் இணைத்து, இசுலாமியப் பெண்கள் தாமே எழுதித் தாமே பேசிய அரங்கம் அது. அவர்தம் பேச்சைச் சைவக் குடும்பத்துப் பெண்ணும் கேட்டாள். அண்டை வீட்டின் உள்ளறைப் பேச்சைக் கேட்கும் உரிமையை அவளுக்கு வேறெவரும் அளித்திருக்க இயலாது.

இனிச் சிறார் வேளை. அரசு அலுவலகம் ஒன்றில் பணியாற்றுவோரை ஊர்க் குழந்தைகளெல்லாம் அண்ணா, அக்கா, மாமா என்று அழைத்த விந்தை வானொலியில் மட்டுமே நிகழ்ந்தது. சென்னை நிலையத்தில் ரா. அய்யாசாமி அவர்களும், அவர்க்குப் பின் கூத்தபிரான் அவர்களும் ‘வானொலி அண்ணா’ ஆயினர். கொழும்பில் சரவணமுத்து அவர்கள் ‘வானொலி மாமா’ ஆனார். கொழும்பின் ‘சிறுவர் மலர்’ நிகழ்ச்சியில் பிள்ளைப் பருவத்தில் அடியெடுத்து வைத்த பி.எச். அப்துல் ஹமீது பின்னாளில் உலகத் தமிழர் அனைவரும் அறிந்த ஒலிபரப்பாளராக உயர்ந்தார். ஒலிபரப்பை ஒரு கலையாக எண்ணி ‘ஒலிபரப்புக் கலை’ என்று தமிழில் நூலே இயற்றிய சோ. சிவபாதசுந்தரம் போன்றோர் வாழ்ந்த காலம் அது. எழுத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல் ஒலிவாங்கியின் முன் உரைக்கும் சொல்லுக்கும் இலக்கணம் உண்டென்று அவர்கள் நம்பினர். குழந்தையிடம் பேசுவது எளிய வேலை என்று அவர்களுள் எவரும் கருதவில்லை.

நிலையத்துக்குள் சென்ற குழந்தை கண்டது என்ன? தடித்த இரட்டைக் கதவு. அதனைக் கடந்ததும் தன் மூச்சொலி தனக்கே கேட்கும் அமைதி. ஓசை எதிரொலிக்காதபடி துளையிட்ட சுவர். சிவப்பு விளக்கு எரிந்தால் இருமவும் கூடாது. ஒலிவாங்கி எட்டாத குட்டிப் பெண்ணை ஒரு முக்காலியின் மேல் நிறுத்துவார்கள். அவள் பாடும் பாட்டை இருநூறு கல்லுக்கு அப்பால் ஒரு வீட்டில் அவள் வயதொத்த சிறுவன் கேட்கிறான். அவனுடன் அவன் தாத்தாவும் கேட்கிறார். தன் குரலுக்கு ஊர்ப் பெரியவர்களும் செவிசாய்ப்பர் என்ற நம்பிக்கையை ஒரு சமுதாயம் தன் குழந்தைக்கு அளிக்குமாயின் அதனினும் சிறந்த கல்வி வேறில்லை.

குறை இங்கும் இருந்தது. நிலையத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நகரத்துக் குழந்தைகள். அழைத்துவர வண்டியும் ஓய்வும் உடைய பெற்றோரின் பிள்ளைகள். ஒப்பித்தலே மிகுந்தது. கேள்வி கேட்கும் குழந்தையைக் காட்டிலும் பிழையின்றி ஒப்பிக்கும் குழந்தைக்கே வாய்ப்பு. நெல்லைப் பேச்சும் கொங்குப் பேச்சும் குழந்தையின் நாவிலிருந்து துடைக்கப்பட்ட பிறகே அது ஒலிவாங்கியை நெருங்க முடிந்தது.

இன்று அக்குழந்தையின் பேரன் கையில் கைப்பேசி இருக்கிறது. அவன் செவியில் இரு சிறு குமிழ்கள். அவன் எதைக் கேட்கிறான் என்பது அருகில் அமர்ந்திருக்கும் அவன் தாய்க்குத் தெரியாது. அவன் சிரிக்கிறான், எதற்கென்று அவள் கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். பெற்றோர் கேட்கும்படியாகக் குழந்தைக்குப் பேசிய காலம் போய், பெற்றோர் அறியாதபடி குழந்தையிடம் எவரெவரோ பேசும் காலம் வந்துள்ளது. இதனை நாம் முன்னேற்றம் என்று கொள்ள மறுக்கிறோம்.

மூன்றாவதாகிய இறைவழிபாட்டு வேளையே நம் கருத்தில் எல்லாவற்றினும் முதன்மையானது. அதனைப் பற்றியே நாம் மிகுதியும் கவலை கொள்கிறோம்.

1998ஆம் ஆண்டு மார்கழியில் இரமலான் நோன்பு மாதமும் உடன் வந்தது. இடையே கிறித்துமசும் வந்தது. காவிரிக் கரையோரச் சிற்றூர் ஒன்றின் தேநீர்க்கடை. விடியற்பனி இன்னும் விலகவில்லை. கடைக்காரர் நோன்பாளி. விடியற்காலைத் தொழுகை முடித்து வந்து அடுப்பை மூட்டியிருந்தார். தாம் ஒரு மிடறும் பருகாமல் பிறர்க்குத் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். எதிர் வீட்டு வாயிலில் கோலமிட்டு, சாண உருண்டையில் பூசணிப் பூவைச் செருகிக்கொண்டிருந்தாள் ஒரு பெண். அலமாரியின் மேல் வானொலி. முதலில் நிலையத்தின் அடையாள இசை. நாசியர் கொடுமை மூண்ட காலத்தில் ஐரோப்பாவை விட்டு வந்த யூதராகிய வால்டர் காப்மன் அமைத்த இசை அது என்பதை அங்கிருந்தோர் அறியார். பிறகு திருப்பாவை. அதன் பிறகு நபியைப் போற்றும் பாட்டு. அதன் பிறகு பெத்தலகேம் குறித்த பாட்டு. கடைக்காரர் எந்தப் பாட்டுக்கும் குமிழைத் திருகவில்லை. தேநீர் அருந்திக்கொண்டிருந்தவர்களும் எழுந்து செல்லவில்லை. எவரும் அதனைச் சமய நல்லிணக்கம் என்று பெயரிட்டுப் போற்றவுமில்லை. காலையில் வானொலி என்றால் அவ்வாறுதான் இருக்கும் என்று அவர்கள் அறிந்திருந்தனர்; அவ்வளவே.

அந்த வரிசையை அமைத்தது தற்செயல் அன்று. எந்தச் சமயத்தையும் சமூகத்தையும் தாக்கிப் பேசலாகாது என்பது அனைத்திந்திய வானொலியின் நெறிமுறைகளுள் ஒன்று. தனியார் பண்பலை உரிமத்தைச் சமய அமைப்புகளுக்கு வழங்குவதில்லை என்பதும் நம் நாட்டு விதி. ஆகவே வானலையில் எல்லாச் சமயத்தாரும் ஒரே வாயிலில் நின்று ஒருவர் குரலை ஒருவர் கேட்கும் இடம் பொது வானொலி ஒன்றே. திருவரங்கத்தில் பரமபத வாயில் திறக்கும் விடியலையும், கள்ளழகர் வைகையில் இறங்கும் காலையையும் நேர்முக உரையாக அது வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தது. நடக்க இயலாத முதியவளுக்கு அதுவே திருவிழா. கூட்டத்தில் நுழைய அஞ்சிய பிற சமயத்தார்க்கும் அதுவே திருவிழா.

இங்கும் ஒரு மனக்குறையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஆழ்வார் பாசுரமும் கீர்த்தனையும் ‘பக்தி இசை’ எனப்பட்டன. சுடலைமாடனுக்குப் பாடிய வில்லுப்பாட்டும், மாரியம்மனுக்கு உடுக்கை அடித்துப் பாடிய பாட்டும் ‘நாட்டுப்புற இசை’ எனப்பட்டு வேறொரு வேளைக்கு அனுப்பப்பட்டன. நெல்லை நிலையம் வில்லிசைக்குப் பெரிதும் இடமளித்ததை நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் பாடியவன் உள்ளத்தில் அது பக்தியாகவே இருந்தது. அதனைக் கலை என்று மட்டும் கொண்டு விடியற்பொழுதிலிருந்து விலக்கியதற்கு எந்த நெறியும் இடம் தரவில்லை. இனியேனும் இது திருத்தப்பட வேண்டும்.

இன்று இவ்வழிபாட்டு வேளையின் பகை எது? திரைப்பாட்டு என்று சிலர் கூறுவர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. 1950களில் தில்லியில் ஒலிபரப்புத்துறை அமைச்சராயிருந்த கேசுகர் திரையிசையை வானொலியிலிருந்து விலக்கியதும், கேட்போர் கூட்டமாகக் கொழும்புக்குச் செவிமாறியதும், 1957இல் திரைப்பாட்டுக்கும் இடமளிக்கும் விவித பாரதி தோன்ற நேர்ந்ததும் பழங்கதை. மக்கள் விரும்புவதை விலக்கி எவரும் எதனையும் வளர்த்ததில்லை. பகை வேறிடத்தில் இருக்கிறது. ஒலிபரப்பு உலகெங்கும், பணம் செலுத்துவோர்க்குப் பொழுதை அளந்து விற்கும் வழக்கம் பெருகியுள்ளது. அரை மணியை விலைக்கு வாங்கியவர் அந்த அரை மணிக்கு அரசர். நோய் தீர்ப்பதாகக் கூறுவார். கோள்களின் பார்வையை மாற்றுவதாகக் கூறுவார். தொலைபேசி எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்வார். அவர் பேசுவது தம்மவரிடம் மட்டுமே; அடுத்த வீட்டார் கேட்கிறார் என்ற கூச்சம் அவர்க்கு இல்லை. எல்லாரும் கேட்கும் இடத்தில் பேசுகிறோம் என்ற அறிவே சமயப் பேச்சுக்கு அடக்கத்தை அளித்துவந்தது. விற்ற பொழுதில் அவ்வடக்கத்தை எதிர்பார்க்க முடியாது. பொது வானொலி இவ்வழியில் ஓரடியும் வைக்கலாகாது என்று வலியுறுத்துகிறோம். வருவாய்க் குறைவு என்பதை நாம் காரணமாக ஏற்கமாட்டோம்.

ஏனெனில் இது விருப்பத்தின்பாற்பட்டதன்று, சட்டக் கடமை. அனைத்திந்திய வானொலியை நடத்தும் பிரசார் பாரதி நிறுவனத்துக்கான 1990ஆம் ஆண்டின் சட்டம், தன் பன்னிரண்டாம் பிரிவில், பெண்களின் நிலையையும் இடர்களையும் நாட்டின் உணர்வுக்குக் கொண்டுவருவதையும், அவர்தம் உயர்வில் தனிக்கருத்துச் செலுத்துவதையும், குழந்தைகள், பார்வையற்றோர், முதியோர் முதலியோரின் நலம் காக்கத் தனி முயற்சி மேற்கொள்வதையும், சிறுபான்மையோரின் தேவைகளை நினைவிற் கொள்வதையும் அந்நிறுவனத்தின் பணிகளாக வகுத்துள்ளது. ஒரு வணிக நிறுவனம் இவற்றை மறக்கலாம், மறந்தால் கேட்பாரில்லை. நாட்டு மக்களின் வரிப்பணத்தில் நடைபெறும் நிறுவனத்துக்கு அவ்வுரிமை இல்லை.

இன்று கேட்போர் யார் இருக்கின்றனர் என்று வினவுவாரும் உளர். வினா முறையானதே. வானொலி உடைய இல்லங்கள் 2001இல் நூற்றுக்கு 35.1 ஆக இருந்து, 2011இல் 19.9 ஆகக் குறைந்ததை மக்கள்தொகைக் கணக்கே காட்டுகிறது. பெட்டி குறைந்தது உண்மை. ஆனால் செவி குறைந்துவிட்டதா? தையற்கூடத்தில், பேருந்தில், முடிதிருத்தகத்தில், இரவுக் காவலரின் நாற்காலியருகே பண்பலை ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. நிலையங்களின் ஒலிபரப்பு இன்று கைப்பேசிச் செயலியிலும் கிடைக்கிறது. இல்லாதது கேட்டு நிற்கத்தக்க நிகழ்ச்சியே.

மகளிர் வேளை எவ்வாறு இருக்கலாம் என்பதற்கு எடுத்துக்காட்டைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை; மக்கள் தாமே நடத்தும் சமுதாய வானொலி இருக்கிறது. வானலை பொதுச் சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் உரைத்தது. அதன் பயனாகச் சமுதாய வானொலிக்கு வாயில் திறந்தது. 2004 பெப்ரவரி முதல் நாளில் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய நிலையம் அவ்வகையில் நாட்டுக்கு முன்னோடி. தெலுங்கானத்து மச்சனூரில் 2008இல் எழுந்த சங்கம் வானொலியை நடத்துவோர் தலித் உழவுப் பெண்கள். அவர்களே பதிவு செய்கின்றனர், அவர்களே தொகுக்கின்றனர். விதை, மண், தானியம், நோய், பாட்டு என்று தம் மொழியில் பேசுகின்றனர். அதனைச் சிற்றூர்ப் பெண்கள் தம் வேலை முடிந்த இரவு வேளையில் கேட்கின்றனர். பெண்ணுக்காகப் பிறர் வகுத்த நிகழ்ச்சிக்கும் பெண்ணே வகுத்த நிகழ்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டை அறிய விரும்பும் நிலைய இயக்குநர் எவரும் ஒருமுறை அங்குச் சென்று வரலாம்.

ஆகவே நம் வேண்டுகோள் நடைமுறைக்கு அப்பாற்பட்டதன்று. மகளிர் வேளையை நண்பகலிலிருந்து இரவு எட்டு மணிக்குக் கொண்டுவருக. ஊரக வேலைத் திட்டப் பணிக்குச் சென்று திரும்பியவளும், ஆடைத் தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கியவளும், அவர்தம் வீட்டு ஆடவரும் ஒருங்கே கேட்கும் நேரம் அதுவே. குழந்தைகள் நிலையத்துக்கு வரும்வரை காத்திராமல், பதிவுக் கருவி அரசுப் பள்ளிக்குச் செல்லட்டும். பிள்ளைகள் தம் ஊர்ப் பேச்சிலேயே வினவட்டும். அன்றன்று அழைத்து அன்றைக்கு மட்டும் ஊதியம் தரும் தற்காலிக அறிவிப்பாளர்களைக் கொண்டு ஒரு வானொலி அண்ணாவையோ அக்காவையோ உருவாக்க முடியாது. ஒரு குரல் வீட்டாரின் உறவாக ஆண்டுகள் வேண்டும். அவ்வாண்டுகளுக்குப் பணி உறுதி வேண்டும். நிலையங்களில் நெடுங்காலமாக நிரப்பப்படாத இடங்களை நிரப்புவதே இவற்றுள் முதலில் செய்யத்தக்கது.

விடியல் வேளையைப் பொறுத்தவரை நாளும் குறிக்கப்பட்டுவிட்டது. 2030ஆம் ஆண்டின் மார்கழியில் 1998 மீண்டும் வருகிறது. மார்கழி பத்தாம் நாள் கிறித்துமசு. அதனை ஒட்டியே, பிறை காணும் நாளைப் பொறுத்து, நோன்பு மாதம் தொடங்கும். அக்காலையில் திருச்சி நிலையம் கண்விழிக்கும் முதல் ஒரு மணி நேரத்தில் எப்பாட்டுகள் எவ்வரிசையில் ஒலிக்க வேண்டும், உடுக்கைக்கு அதில் எங்கே இடம், பாடவேண்டிய குழந்தைகள் எந்த ஊர்ப் பள்ளியில் படிக்கின்றனர் என்பவற்றை நிலையத்தார் இப்போதே எழுதத் தொடங்கட்டும்.